கைமாறிய தண்டவாளம்

கல்முனையில் தண்டவாளம் இல்லை. 1928இல் மட்டக்களப்பு வரை வந்த பாதை வாவிக்கரையோடு நின்றுபோனது. அதற்குத் தெற்கே காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று அத்தனை ஊரும் பஸ்ஸையும் லொறியையும் நம்பியவை. ரயில் அட்டவணையில் ‘கல்லோயா சந்தி’ என்று ஒரு பெயரைப் பார்த்து நம் பக்கத்து இடமாக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஹபரணைக்குக் கிட்ட, திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகிற இடம். நம் வெள்ளாமைக்குத் தண்ணீர் தருகிற கல்லோயாவுக்கும் அந்தச் சந்திக்கும் பெயர்தான் பொது.

கோச்சி இல்லாத ஊரில் இருந்துகொண்டு கோச்சியைப் பற்றி யோசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது: பழக்கம் கண்ணை மறைக்காது. நெல் மூடைகளை ஏற்றிக்கொண்டு புறக்கோட்டைக்குப் புறப்படுகிற ஒவ்வொரு லொறியும், இந்தப் பாரம் ஏன் தண்டவாளத்தில் போகவில்லை என்ற கேள்வியையும் கூடவே ஏற்றிக்கொண்டுதான் போகிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் உலகத்தின் வேறு மூலைகளில் நடந்த ஒரு விசித்திரத்தில் வந்து முட்டுவோம். பெரிய ரயில்வே நிறுவனம் ஒன்று, “இந்தக் கிளைப்பாதை நட்டம்” என்று கைகழுவுகிறது. பத்திருபது பேர் வேலை செய்கிற ஒரு சின்னக் கம்பனி அதை வாங்குகிறது. அதே தண்டவாளம், அதே பாலம், அதே சரக்கு, அதே வாடிக்கையாளர். இரண்டொரு வருடத்தில் அந்தப் பாதை லாபம் காட்டுகிறது. பெரியவனுக்கு நட்டமாக இருந்தது சின்னவனுக்கு எப்படி லாபமாகிறது?

முதலில் இரும்பின் குணத்தைப் பார்ப்போம். ரயில் சில்லு தண்டவாளத்தைத் தொடுகிற இடம் ஏறத்தாழ ஒரு சதுர சென்ரிமீற்றர். பல தொன் பாரம் அந்தச் சின்ன இடத்தில் இறங்குகிறது. ஆனாலும் உருக்கு நசுங்குவதில்லை. நசுங்காததால் உருள்வதற்கு வீணாகும் சக்தியும் மிகக் குறைவு. லொறியின் டயர் அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அது நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுக்கத்தில்தான் டீசலின் ஒரு பங்கு சூடாகிக் காற்றில் போகிறது. நெடுந்தூரம் ஓடிய லொறியின் டயரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். சமதரையில் 100 தொன் பாரத்தை இரும்புச் சில்லில் உருட்டிக்கொண்டிருக்க 150 முதல் 200 கிலோ இழுவை போதும். அதையே டயரில் உருட்ட 600 கிலோவுக்கு மேல் வேண்டும். ஒரு லீற்றர் எண்ணெயில் ரயில் பல மடங்கு பாரம் சுமப்பதற்கு இதுதான் அடிப்படை.

இந்த வரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. லொறி ஓடுகிற வீதியை அரசாங்கம் போடுகிறது. பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் அந்தச் செலவைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. தண்டவாளத்துக்கு அப்படிப் பங்காளிகள் கிடையாது. பாலம், மதகு, சிலிப்பர் கட்டை, கல், கடவை எல்லாமே ரயிலுக்காக மட்டும். ஒரு நாளைக்கு ஒரு ரயில் போனாலும் ஐம்பது போனாலும் மழை கரைக்கிற மண் ஒன்றுதான், கறையான் தின்கிற கட்டையும் ஒன்றுதான். ஆகவே ஒரு பாதையின் விதியை முடிவு செய்வது இரண்டு எண்கள்: வருடத்துக்கு எத்தனை பெட்டி போகிறது, அந்தப் பாதையை உயிரோடு வைத்திருக்க எவ்வளவு செலவு. முதல் எண்ணைக் கூட்டுவது கடினம். இரண்டாவதைக் குறைக்கலாம் என்று கண்டுபிடித்ததுதான் சின்னக் கம்பனிகளின் கெட்டித்தனம்.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கிளைப்பாதையில் வருடத்துக்கு 2,000 பெட்டி சரக்கு ஏறுகிறது. பெட்டி ஒன்றுக்குக் கிளையின் பங்கு 40,000 ரூபா. மொத்தம் 8 கோடி. பெரிய நிறுவனத்தின் சம்பள விகிதம், அதன் தரக் கட்டளைகள், தலைமையகச் செலவு எல்லாம் சேர்ந்து கிளைக்கு 12 கோடி ஆகிறது. நட்டம் 4 கோடி. மூடிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். அந்த 2,000 பெட்டியும் கிளையிலிருந்து பெரும்பாதைக்கு வந்து ஆயிரம் கிலோமீற்றர் ஓடுகின்றன. அங்கே பெட்டிக்கு 30,000 ரூபா மிச்சம், மொத்தம் 6 கோடி. கிளையை மூடினால் அந்த 6 கோடியும் போகும். வைத்திருந்தால் 6இல் 4 கழிந்து 2 கோடிதான் மிஞ்சும். ஆறரைக் கோடியில் அந்தக் கிளையை நடத்த ஒருவன் முன்வந்தால் அவனுக்கு ஒன்றரைக் கோடி லாபம். பெரியவனுக்கோ பெரும்பாதையின் 6 கோடி முழுதாகக் கைக்கு வரும், விற்ற காசு வேறு. ஒருவரும் தோற்காத வியாபாரம் போலத் தோன்றுகிறது. தோற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பிறகு வருவோம்.

அமெரிக்காவில் இது பெருவாரியாக நடந்தது. 1970இல் பென் சென்ட்ரல் என்ற மாபெரும் ரயில்வே முறிந்து விழுந்தது. அன்றைய சட்டப்படி கட்டணத்தை மாற்றவும் பாதையை விற்கவும் மூடவும் அரச ஆணைக்குழுவிடம் போய் நிற்க வேண்டும், வருடக்கணக்கில் இழுபடும். 1980 ஒக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட ஸ்டாகர்ஸ் சட்டம் அந்தக் கட்டுகளைப் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டது. பெரிய கம்பனிகள் கிளைகளை உதறின, சின்னவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். இன்று அங்கே சுமார் 600 சிறு ரயில்வேக்கள், ஏறக்குறைய 80,000 கிலோமீற்றர் பாதை. சிலவற்றின் நீளம் கல்முனையிலிருந்து நிந்தவூர் போகிற தூரம்கூட இராது.

ஆறரைக் கோடியில் எப்படி நடத்துகிறார்கள்? பதிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சிலிப்பர் கட்டைகள். அமெரிக்கச் சட்டம் பாதைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறது. 39 அடி நீளத் தண்டவாளத்தின் கீழே வழக்கமாக இரண்டு டசின் கட்டை இருக்கும். சரக்கு ரயில் மணிக்கு 60 மைல் ஓடுகிற நான்காம் வகுப்புப் பாதையில், நேரான இடத்தில் அவற்றுள் 12 கட்டையாவது நல்லதாக இருக்க வேண்டும். 10 மைலுக்கு மேல் ஓடுவதில்லை என்று ஒப்புக்கொண்டால் அது முதலாம் வகுப்பு. 5 நல்ல கட்டை போதும். மற்றவை உளுத்திருந்தாலும் சட்டம் கேட்காது. படிக்கும்போது பயமாக இருக்கிறது. ஆனால் பௌதிகம் சம்மதிக்கிறது: வளைவில் ரயில் வெளியே தள்ளுகிற விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். வேகம் ஆறில் ஒன்றானால் அந்த விசை முப்பத்தாறில் ஒன்று. நெல்லும் சிமெந்தும் மரக்குற்றியும் பிந்தி வந்ததற்காக அழப்போவதில்லை. வேகத்தை விற்றுக் கட்டையை மிச்சம் பிடிக்கிறார்கள்.

என்ஜினும் அப்படித்தான். 1950களில் ஜெனரல் மோட்டர்ஸ் செய்த ஜிபி-9 ரக டீசல் என்ஜின்களைப் பெரிய கம்பனிகள் ஓய்வு கொடுத்து அனுப்பின. பல சின்னப் பாதைகளில் அவை இன்னும் உறுமிக்கொண்டிருக்கின்றன. காலையில் ரயில் ஓட்டுகிறவரே பின்னேரம் கடவையில் புல் வெட்டுவார். முதலாளியோ முகாமையாளரோ ஆலைக்காரருக்கு நேரே தொலைபேசி எடுத்து, “இந்தக் கிழமை எத்தனை பெட்டி வேணும்?” என்று கேட்பார். பெரிய நிறுவனத்தில் இருபது பெட்டிக்காரர் ஒரு வாடிக்கை எண். இங்கே அவர்தான் வருடத்தின் பாதி வருமானம். அறுவடை இல்லாத மாதங்களில் வேறு கம்பனிகளின் வேலையற்ற சரக்குப் பெட்டிகளைத் தம் பக்கப்பாதையில் நாள்வாடகைக்கு நிறுத்திவைத்தும் காசு பார்க்கிறார்கள். சும்மா கிடக்கிற இரும்பே வருமானம்.

ஆனால் விற்பவனும் லேசுப்பட்டவன் அல்லன். பல விற்பனை ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது: வாங்கிய பாதை இன்னொரு பெரிய ரயில்வேயைத் தொட்டாலும் அதனிடம் சரக்கைக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தண்டம். தரையில் பாதை சேர்ந்திருக்கும், கடதாசியில் மதில் நிற்கும். இன்னொரு சங்கடம் பெட்டியின் எடை. பெரும்பாதைகள் மொத்தமாக 130 தொன் வருகிற பெட்டிகளுக்கு மாறிவிட்டன. நூறு வருடத்துப் பழைய மெல்லிய தண்டவாளமும் பாலமும் அந்தப் பாரத்தைத் தாங்கா. தண்டவாளம் மாற்றக் காசில்லாத சின்னவன் பெட்டியை முக்கால்வாசி நிரப்பி அனுப்புவான். அப்போது லொறி மலிவாகிவிடும்.

நம் பக்கத்தில் இப்படி எதுவும் இல்லையா என்றால், நேரே இதே வடிவில் இல்லை. இலங்கை ரயில்வே 1864இல் அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் ஓடிய நாளிலிருந்து அரசாங்கத்தின் சொத்து. சற்றுக் கிட்ட வருவது புத்தளம்: அருவக்காலுச் சுண்ணக்கல் அகழ்விலிருந்து பாலாவி சிமெந்து ஆலைக்குக் கல் சுமக்கிற பாதை. ஒரே சரக்கு, ஒரே வாடிக்கையாளர். சிறு ரயில்வேயின் கருவைப் பிளந்து பார்த்தால் இருப்பது அதுதான். ஆலை வாழும்வரை பாதை வாழும்.

இந்தியாவில் இரண்டு கதைகள். பழையது மகாராஷ்டிரத்தின் விதர்ப்பப் பகுதியில். பருத்தியை யவத்மாலிலிருந்து முர்திஜாபூருக்கும் அங்கிருந்து பம்பாய்க்கும் கொண்டுபோகக் கில்லிக் நிக்சன் என்ற பிரித்தானியக் கம்பனி குறும்பாதை ஒன்றை நடத்தியது. யவத்மால் பாதை 1903இல் திறந்தது. மற்ற ரயில்வேக்களை அரசாங்கம் தேசியமயமாக்கியபோது ‘சகுந்தலா’ என்று ஊர்க்காரர் செல்லமாக அழைத்த இந்தப் பாதை மட்டும் எப்படியோ விடுபட்டது. பாதை கம்பனியுடையது, ரயில் ஓட்டியது அரசாங்கம். ஓட்டியவர் சொந்தக்காரருக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. 1921இல் மான்செஸ்டரில் செய்த நீராவி என்ஜின் 1994 வரை அதை இழுத்தது. பராமரிப்பைத் தலையில் சுமக்க இருவருக்கும் ஆர்வமில்லை, பாதை தேய்ந்தது. கைமாறல் கோணலாக நடந்தால் என்னவாகும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

புதிய கதை குஜராத்தில். பீப்பாவாவ் என்ற தனியார் துறைமுகம் 1990களில் கடலோரத்தில் எழுந்தபோது அதற்குப் பின்னால் இருந்தது பழைய மீட்டர் பாதை. சுரேந்திரநகரில் அகலப்பாதை தொடங்கும். சரக்கு ஏறின பெட்டி தொடர்ந்து போக முடியாது, இறக்கி ஏற்ற வேண்டும். ரயில்வேயிடம் அந்தக் கிளையை அகலமாக்கப் பணமோ அவசரமோ இல்லை. 2000இல் ரயில்வே அமைச்சும் துறைமுகமும் பாதிக்குப் பாதி பங்குபோட்டுப் பீப்பாவாவ் ரயில் கோர்ப்பரேஷன் என்ற கம்பனியைத் தொடங்கின. 33 வருட உரிமை, ஏறத்தாழ 270 கிலோமீற்றர் பாதை. 2003இல் அகலப்பாதை தயார். ரயில் ஓட்டுவது மேற்கு ரயில்வேதான்; கம்பனி பாதையின் முதலீட்டைச் சுமந்து சரக்கு வருமானத்தில் பங்கு எடுக்கிறது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒரு வரி: வருடத்துக்கு இவ்வளவு தொன்னுக்குக் குறையாமல் சரக்குத் தருவேன் என்று துறைமுகம் உத்தரவாதம் எழுதிக்கொடுத்தது. பாதையின் முதல் எண்ணை, கூட்டக் கடினமென்று மேலே சொன்ன அந்த எண்ணை, கையெழுத்தால் கட்டிப்போட்டார்கள். 2006இல் கொள்கலன் மேல் கொள்கலன் அடுக்கிய இந்தியாவின் முதல் ரயில் பீப்பாவாவிலிருந்துதான் ஜெய்ப்பூருக்குப் போனது. அந்த வழியில் மேலே மின்கம்பி இல்லாததால் உயரம் கிடைத்தது. வறுமை சில நேரம் அப்படியும் உதவும்.

தோற்கிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லாக்-மெகாந்திக் என்று ஒரு சிற்றூர். அதன் நடுவால் போகிற பாதையைக் கனேடியன் பசிபிக் என்ற பெரிய ரயில்வே 1990களின் நடுவில் விற்றது. முதலில் வாங்கியவர் முறிந்தார். 2003இல் மொன்றியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் என்ற சிறு ரயில்வே எடுத்தது. சிக்கனம் அதன் மூச்சு: ரயிலுக்கு ஒரே ஆள், பழைய என்ஜின். மரமும் கடதாசியும் குறைந்துகொண்டுபோன காலத்தில் வட டகோட்டாவின் மசகு எண்ணெய் வந்தது. கம்பனி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

2013 ஜூலை 5 இரவு, 72 எண்ணெய்ப் பெட்டிகளோடு வந்த ரயிலை அதன் ஒற்றைச் சாரதி மேட்டிலுள்ள நாந்த் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு உறங்கப் போனார். இங்கே பிரேக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ரயிலின் நீளம் முழுக்க ஒரு காற்றுக் குழாய் ஓடுகிறது. அதில் அழுத்தம் இருக்கும்வரை பெட்டிகளின் பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் திடீரென்று விழுந்தால் ஒவ்வொரு பெட்டியும் தன்னிடமுள்ள காற்றைக் கொண்டு தானே பிடித்துக்கொள்ளும். குழாய் அறுந்தாலும் ரயில் நிற்கும்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிக அழகான யோசனைகளில் இது ஒன்று. ஆனால் அன்று அந்தப் பிரேக்கைப் போடவில்லை. என்ஜின்களுக்கென்று தனியாக உள்ள காற்றுப் பிரேக்கையும் ஏழு கைப்பிரேக்குகளையும் நம்பினார்கள். முன் என்ஜின் முந்தின வருடம் தரமற்ற ஒட்டுப்பொருளால் அவசரமாகத் திருத்தப்பட்டது. அது அன்றிரவு தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்து, முறைப்படி என்ஜினை நிறுத்தினார்கள். என்ஜின் நின்றதும் காற்றழுத்தி நின்றது. காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. இவ்வளவு மெதுவாகக் கசிந்தால் அந்தத் தானியங்கிப் பிடிப்பு விழித்துக்கொள்ளாது. ஏழு கைப்பிரேக் போதவில்லை. பதினேழு முதல் இருபத்தாறு வரை வேண்டியிருந்தது என்று போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை பின்னர் கணக்கிட்டது.

நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குச் சற்று முன் ரயில் தானாக உருளத் தொடங்கியது. இரும்பின் வரம் என்று மேலே சொன்னோமே, உருள்வதற்குத் தடை இல்லாமை, அது சரிவில் எதிரி. மணிக்கு 104 கிலோமீற்றர் வேகத்தில் ஊருக்குள் வந்து 63 பெட்டிகள் தடம்புரண்டன. 47 பேர் இறந்தார்கள். பதினெட்டுக் காரணங்களைச் சபை பட்டியலிட்டது. அவற்றில் பல, தனித்தனியே பார்த்தால், சிக்கனம் என்றே பெயர் பெறும். கம்பனி அடுத்த மாதமே கடன்தீர்க்க வழியில்லை என்று நீதிமன்றம் போனது. பாதை இன்னொரு கம்பனிக்குக் கைமாறி, 2020 அளவில் மறுபடியும் கனேடியன் பசிபிக்கிடமே வந்து சேர்ந்தது. விற்றவன் கால் நூற்றாண்டுக்குப் பின் திரும்ப வாங்கினான்.

பத்து மைல் வேகத்தில் உளுத்த கட்டை மன்னிக்கப்படும் என்றேன். அது நெல் ஏற்றியிருந்தால். சரக்கு மாறும்போது கணக்கு மாறியதை யாரும் திரும்ப எழுதவில்லை.

இனிக் கல்முனைக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு ரயில் வரும் என்ற பேச்சு இங்கே அவ்வப்போது கிளம்பும், தேர்தல் காலத்தில் கொஞ்சம் கூடுதலாக. வந்தால் நல்லதுதான். ஆனால் மேலே சொன்னபடி கிளைகளை வாங்கிய சிறு ரயில்வேக்கள் தம் பாதையைத் தாம் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மண் வெட்டி, பாலம் கட்டி, காணி வாங்கிய செலவை வேறு யாரோ, பெரும்பாலும் நூறு வருடத்துக்கு முன், புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சின்னக் கம்பனி அந்தப் புதையலின் மேல்தான் லாபம் காண்கிறது. இங்கே புதையல் இல்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வீட்டோடு வீடு ஒட்டிய ஊர்கள். ஒரு பேர்ச் காணியின் விலையைக் கேட்டாலே எந்தத் தண்டவாளமும் வளைந்துவிடும்.

மிஞ்சுவது மட்டக்களப்பு வரை லொறி, அங்கிருந்து கொழும்புக்கு ரயில். தூரம் ரயிலுக்குச் சாதகம். 300 கிலோமீற்றருக்கு மேல். ஆனால் சம்மாந்துறை ஆலை வாசலில் ஏறுகிற மூடை இப்போது புறக்கோட்டைக் கடை வாசலில் ஒரே தரம் இறங்குகிறது. ரயிலில் போனால் மட்டக்களப்பில் ஒருமுறை, கொழும்பில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் கைமாற வேண்டும். நாட்டாமைக் கூலியும் கிழிகிற சாக்கும் ஒரு நாள் தாமதமும் இரும்புச் சில்லு மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடுகின்றன. போதாக்குறைக்கு, அம்பாறையின் நெல் வருடத்தில் இரண்டு வெள்ளமாக வருகிறது: பெரும்போகம் மாசி-பங்குனியில், சிறுபோகம் ஆடி-ஆவணியில். லொறிக்காரர் அந்த மாதங்களில் வந்து மற்ற மாதங்களில் மரக்கறிக்குப் போய்விடுவார். ரயிலுக்கு அப்படிப் போக முடியாது.

2013இல் இந்தக் கரையிலேயே ஒலுவில் துறைமுகம் திறந்தபோது பீப்பாவாவ் போல ஓர் உத்தரவாதத்தை எழுதித்தரக்கூடிய ஆள் கிடைத்துவிட்டான் என்று நினைக்க இடமிருந்தது. துறைமுகவாயை மணல் மூடியது, வடக்கே கரை அரித்தது. ஆகவே வருடம் முழுக்க, ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரியான பாரத்தை இத்தனை ஆயிரம் தொன் தருகிறேன் என்று கையெழுத்துப் போட இந்தக் கரையில் இப்போதைக்கு யாரும் இல்லை. அரிசி ஆலைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, நெல்லைக் களஞ்சியத்தில் வைத்து மாதாமாதம் சீராக அரிசியாக்கி அனுப்பத் தொடங்கினால் முதல் எண் மாறும். அதற்குத் தேவை களஞ்சியமும் அதுவரை தாக்குப்பிடிக்கக் கடனும். ரயில் என்ஜின் அந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் வருகிறது.